தொலைவும் காலமும்

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊர் எவ்வளவு தொலைவு என்று கேட்டால், முன்னாளில் நம் நாட்டு மக்கள் காலத்தைக் கொண்டே விடை கூறினர். அண்மையில் உள்ள ஊரை ‘ஒரு நாழிகை வழி’ என்றனர்; சேய்மையில் உள்ள ஊரை ‘மூன்று நாள் வழி’ என்றனர். நடந்து செல்வோர் யாவரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நடந்தமையால், அக்கணக்கு எவரையும் ஏமாற்றவில்லை. தொலைவும் காலமும் அன்று இணைபிரியாத இரட்டையர்போல் விளங்கின.

குதிரையும் கப்பலும் இரயிலும் அவ்விரட்டையரைச் சிறிது சிறிதாகப் பிரித்தன. விமானம் முற்றிலும் பிரித்துவிட்டது. இன்று இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தொலைவை ஒருவன் நன்கு அறிந்திருப்பினும், அதனைக் கொண்டு மட்டும் பயண நேரத்தைச் சொல்லிவிட இயலாது. போகும்போது ஆகும் நேரம் வேறு. திரும்பும்போது ஆகும் நேரம் வேறு. ஓர் ஆண்டில் போதுமானதாய் இருந்த நேரம் மற்றோர் ஆண்டில் போதாமற் போவதும் உண்டு. இதற்குரிய காரணங்கள் யாவை? உலகின் மிக நீண்ட வான்வழிகளுள் ஒன்றாகிய இலண்டன்–சிட்னி வழியை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால் அவை தெளிவாகும்.

உருண்டையின் மீது நேர்வழி

தட்டையான உலகப் படத்தில் இலண்டனையும் சிட்னியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு மேற்கு ஆசியாவையும் தென்னிந்தியாவையும் கடந்து, இந்தியப் பெருங்கடலின் மேலாக ஆஸ்திரேலியாவை அடையும். இதுவே மிகக் குறுகிய வழி என்று எண்ணத் தோன்றும். ஆனால் பூமி தட்டையானதன்று. உருண்டையான பூமியைத் தாளில் விரித்து வரையும்போது, அதன் வடிவம் சில இடங்களில் சுருங்கியும் சில இடங்களில் விரிந்தும் மாறிவிடுகின்றது. ஆகவே தாளில் நேராகத் தோன்றும் வழி, பூமியின் மீது நேர்வழியாக இருப்பதில்லை.

உண்மையான நேர்வழியை அறிய எளிய முறை ஒன்று உண்டு. பூகோள உருண்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு நூலின் ஒரு முனையை இலண்டன் மீதும் மறுமுனையைச் சிட்னி மீதும் வைத்து, தொய்வில்லாமல் இறுக இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்நூல் இந்தியாவைத் தொடுவதே இல்லை. அது இலண்டனிலிருந்து வடகிழக்காகச் சென்று, பால்டிக் கடற்பகுதியையும் உருசியச் சமவெளியையும் கடந்து, சீனத்தின் மேற்குப் பகுதியில் தெற்கு நோக்கி வளைந்து, தென்சீனக் கடலையும் இந்தோனேசியத் தீவுகளையும் தாண்டிச் சிட்னியை அடைகின்றது. இந்நூலை இரு முனைகளுக்கும் அப்பால் நீட்டிக்கொண்டே சென்றால், அது உருண்டையை இரு சமபாதிகளாகப் பிரித்துச் சுற்றிவரும். இவ்வாறு அமையும் வட்டத்தைப் ‘பெருவட்டம்’ என்பர். உருண்டையின் மீது இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, பெருவட்டத்தின் ஒரு பகுதியே ஆகும்.

இவ்வழியின் நீளத்தைக் கணக்கிடுதலும் எளிது. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஒரு வட்டத்தில் 360 பாகைகள் உள்ளன. ஆதலால் பெருவட்டத்தில் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் ஆகின்றது. இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் பூமியின் மையத்துக்கு இரண்டு கோடுகள் இழுத்ததாகக் கொண்டால், அவற்றிற்கு இடையே அமையும் கோணம் ஏறத்தாழ 153 பாகை. இதனை 111ஆல் பெருக்கினால் 16,983 என்று வரும். எனவே இரு நகரங்களுக்கும் இடையே உள்ள தொலைவு 17,000 கிலோமீட்டர் எனக் கொள்ளலாம். பூமியின் மீது எந்த இரண்டு இடங்களும் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருத்தல் இயலாது. இதனை நோக்க, சிட்னி நகரம் இலண்டனுக்குப் பெரும்பாலும் எதிர்ப்புறத்திலேயே அமைந்துள்ளது என்பது விளங்கும்.

இத்தொலைவு நூறு ஆண்டுகளுக்கு முன்பும் இதுவே, இன்றும் இதுவே. மாறியது காலம் ஒன்றுதான். அது எவ்வாறு மாறியது என்பது மனிதரின் துணிவையும் உழைப்பையும் காட்டும் வரலாறாகும்.

இருபத்தெட்டு நாட்பயணம்

முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டில், அதாவது 1919இல், ஆஸ்திரேலிய அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பிரிட்டனிலிருந்து முப்பது நாளுக்குள் விமானம் ஓட்டி ஆஸ்திரேலியாவை அடையும் முதல் ஆஸ்திரேலியருக்கு 10,000 பவுன் பரிசு என்பதே அவ்வறிவிப்பு. அக்காலத்தில் விமானம் என்பது மரச்சட்டத்தின் மீது துணி போர்த்திய எளிய ஊர்தியாகவே இருந்தது. வழியில் முறையான விமான நிலையங்களும் இல்லை. பல நகரங்களில் குதிரைப் பந்தயத் திடல்களே விமானம் இறங்கும் இடங்களாயின.

ராஸ் சுமித், கீத் சுமித் என்னும் சகோதரர் இருவரும், பென்னட், ஷியர்ஸ் என்னும் இயந்திர வல்லுநர் இருவரும் அப்பரிசை நாடிப் புறப்பட்டனர். 1919 நவம்பர் 12ஆம் நாள், இலண்டனை அடுத்த ஹவுன்சிலோவிலிருந்து அவர்களுடைய ‘விக்கர்ஸ் விமி’ விமானம் எழுந்தது. விமானிகளின் இருக்கைக்கு மேல் கூரை இல்லை. ஐரோப்பாவின் குளிர்காலப் பனிக்காற்று முகத்தில் அறைந்தது. கொண்டுசென்ற உணவு உறைந்து கல்லாயிற்று. கெய்ரோ, பாஸ்ரா, கராச்சி, டில்லி, கல்கத்தா, இரங்கூன், சிங்கப்பூர் ஆகிய நகரங்களில் இறங்கி இறங்கி அவர்கள் கிழக்கு நோக்கிச் சென்றனர்.

சாவகத் தீவிலுள்ள சுரபாயா நகரில் விமானத்தின் சக்கரங்கள் சேற்றில் ஆழப் புதைந்துவிட்டன. விமானத்தை இழுத்து வெளியே எடுத்தாலும், மீண்டும் ஓடி எழும்புதற்கு உறுதியான தரை அங்கில்லை. அப்போது அவ்வூர் மக்கள் தங்கள் குடிசைகளிலிருந்த மூங்கிற் பாய்களைக் கொண்டுவந்து சேற்றின் மீது வரிசையாக விரித்தனர். அப்பாய்களே ஓடுபாதை ஆயின. அவற்றின் மீது ஓடி விமானம் வானில் எழுந்தது. டிசம்பர் 10ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் வட கரையிலுள்ள டார்வின் நகரில் அவர்கள் இறங்கினர். புறப்பட்டு இருபத்தெட்டு நாள் நிறைவுறச் சில மணி நேரமே எஞ்சியிருந்தது. பரிசுப் பணத்தை நால்வரும் சமமாகப் பகிர்ந்துகொண்டனர்.

இப்பயணத்தின் கணக்கு அறியத்தக்கது. அவர்கள் கடந்த வழி ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர். வானில் பறந்த நேரம் ஏறத்தாழ 136 மணி. ஆகவே சராசரி வேகம் மணிக்கு 132 கிலோமீட்டர். ஆனால் இருபத்தெட்டு நாள் என்பது 672 மணி ஆகும். மொத்தக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கே பறப்பதில் கழிந்தது. எஞ்சிய நான்கு பங்கும் எரிபொருள் நிரப்புதல், இயந்திரத்தைச் செப்பனிடுதல், மழை ஓயக் காத்திருத்தல், உறங்குதல் ஆகியவற்றில் சென்றது. பறக்கும் நேரம் வேறு, பயண நேரம் வேறு என்பதை இக்கணக்கு தெளிவாகக் காட்டுகின்றது.

அவ்வான்வழி எளிதில் வசப்பட்டதன்று. அப்போட்டியில் புறப்பட்டவை ஆறு விமானங்கள். ஆஸ்திரேலியாவை அடைந்தவை இரண்டே. வழியில் நேர்ந்த விபத்துகளில் நால்வர் உயிரிழந்தனர். வந்து சேர்ந்த மற்றொரு விமானத்தைப் பாரர், மெக்கின்டோஷ் என்னும் இருவர் ஓட்டிவந்தனர். வழியெங்கும் பழுதுற்றும் விழுந்தும் எழுந்தும் வந்த அவர்களுக்கு 206 நாள் ஆயிற்று. அதே தொலைவு ஒருவருக்கு இருபத்தெட்டு நாளாகவும் மற்றொருவருக்கு ஏழு மாத அளவாகவும் அமைந்தது! பரிசு பெற்ற ராஸ் சுமித்தும் நீண்ட நாள் வாழவில்லை. 1922இல் புதிய விமானம் ஒன்றைச் சோதித்தபோது அவரும் பென்னட்டும் உயிர்நீத்தனர்.

சுருங்கிய காலம்

ஆயினும் முயற்சி நிற்கவில்லை. 1928இல் ஹிங்க்லர் என்பவர் தனியொருவராக இங்கிலாந்திலிருந்து பதினைந்தரை நாளில் டார்வினை அடைந்தார். 1930 மே மாதத்தில் எமி ஜான்சன் என்னும் இருபத்தாறு வயது மங்கை, சிறிய விமானம் ஒன்றில் தனியே புறப்பட்டுப் பத்தொன்பதரை நாளில் அவ்வழியைக் கடந்தார். இரங்கூனுக்கு அருகில் அவருடைய விமானம் பள்ளத்தில் இறங்கிச் சிதைந்தது. அங்கிருந்த பொறியியற் கல்வி நிலையத்தார் அதனைச் செப்பனிட்டுத் தந்தனர். போர்க்கால விமானத் துணியால் தைக்கப்பட்டிருந்த சட்டைகளைப் பிரித்து, இறக்கையின் கிழிசல்களை அவர்கள் மூடினர் என்று கூறுவர்.

வீரர்கள் காட்டிய வழியில் பின்னர்ப் பயணிகளும் செல்லலாயினர். 1935இல் இலண்டனுக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே பயணிகள் போக்குவரவு தொடங்கிற்று. பயணம் பன்னிரண்டரை நாள் நீடித்தது. இடையே ஐரோப்பாவில் ஒரு பகுதியை இரயிலில் கடக்கவேண்டியிருந்தது. 1938இல் நீரில் இறங்கும் விமானங்கள் சிட்னி வரை வந்தன. காலம் பத்து நாள் அளவாகக் குறைந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், சிங்கப்பூர் சப்பானியர் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் இணைத்த வான்வழி நடுவில் அறுந்தது. அறுந்த வழியை இணைக்க உதவியது இலங்கைத் தீவு. காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரியிலிருந்து, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகருக்குக் ‘காட்டலினா’ என்னும் நீர்விமானங்கள் 1943இல் பறக்கத் தொடங்கின. இடையே இருந்தது 5,600 கிலோமீட்டர் பெருங்கடல். பகைவர் அறியாதிருக்க வானொலியை அடக்கிவிட்டு, விண்மீன்களைப் பார்த்தே விமானிகள் திசையறிந்தனர். எரிபொருளின் சுமை மிகுதியாதலால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற இயலவில்லை. ஒரு பயணத்துக்கு 27 மணி முதல் 32 மணி வரை ஆயிற்று. ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதிப்பதைப் பயணிகள் கண்டனர். 1945 வரை 271 முறை இவ்விமானங்கள் கடலைக் கடந்தன. ஓர் உயிரும் சேதமாகவில்லை.

போருக்குப் பின் காலம் விரைந்து சுருங்கிற்று. 1947 டிசம்பரில் ‘கான்ஸ்டலேஷன்’ விமானம் இருபத்தொன்பது பயணிகளுடன் சிட்னியை விட்டுப் புறப்பட்டு, டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி ஆகிய ஆறு இடங்களில் தங்கி, நான்கு நாளில் இலண்டனை அடைந்தது. தத்தித் தத்திச் செல்லுதல் பற்றி அவ்வழிக்குக் ‘கங்காரு வழி’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1959இல் ஜெட் விமானங்கள் வந்தபின் நான்கு நாள் ஒன்றரை நாளாகக் குறைந்தது.

எரிபொருளின் சுமை

வழியில் எங்கும் இறங்காமலே சென்றால் இன்னும் காலம் குறையுமன்றோ? குறையும். ஆயினும் அதற்குத் தடையாக நின்றது எரிபொருளே. தொலைதூரம் பறக்க மிகுந்த எரிபொருள் வேண்டும். அவ்வெரிபொருளின் எடையைச் சுமப்பதற்கும் எரிபொருள் செலவாகும். பாலைவனத்தில் செல்லும் ஒட்டகம் தான் குடிக்கும் நீரையும் தானே சுமந்து செல்ல நேர்ந்தால் எவ்வாறு இருக்குமோ, அவ்வாறே இதுவும். ஓர் அளவுக்கு மேல் எரிபொருள் ஏற்றினால் பயணிகளுக்கு இடமிராது.

1989 ஆகஸ்டில் ஒரு ‘போயிங் 747’ விமானம் இலண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் இறங்காமல் 20 மணி 9 நிமிடத்தில் பறந்து சென்றது. ஆனால் அதில் கட்டணம் செலுத்திய பயணிகள் ஒருவரும் இலர். செறிவு மிக்க தனி எரிபொருள் அதற்கென ஆக்கப்பட்டது. ஓடுபாதையின் தொடக்கம் வரை அவ்விமானத்தை வேறொரு வண்டியே இழுத்துச் சென்றது. தரையில் ஊர்வதற்கு ஆகும் சிறிதளவு எரிபொருளையும் மிச்சப்படுத்தவேண்டியிருந்தது என்றால், கணக்கு எத்துணை நுட்பமானது என்பதை உணரலாம்.

எடை குறைந்த புதிய பொருள்களால் விமானத்தின் உடலும் இறக்கையும் செய்யப்பட்டபின், நிலைமை மாறிற்று. 2018 மார்ச்சு 24ஆம் நாள் ‘போயிங் 787’ விமானம் ஒன்று பெர்த்திலிருந்து இலண்டனுக்குப் பயணிகளுடன் இடைநில்லாமல் சென்றது. 14,500 கிலோமீட்டரை அது கடக்க 17 மணிக்குச் சற்று மிகுதியாக ஆயிற்று. இவ்வகை விமானத்தில் ஏறத்தாழ 1,26,000 லிட்டர் எரிபொருள் நிரப்பலாம். முழுச் சுமையுடன் எழும்பும் விமானத்தின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு எரிபொருளே ஆகும். 2019 நவம்பரில் அதே வகை விமானம் ஐம்பதின்மர் அளவினரை ஏற்றிக்கொண்டு, இலண்டனிலிருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிடத்தில் ஆராய்ச்சிப் பயணமாகப் பறந்தது. அதில் சென்றோரும் இருமுறை சூரியோதயம் கண்டனர். இத்தகைய பயணங்களுக்கெனத் தனியே அமைக்கப்படும் ‘ஏர்பஸ்’ விமானங்களுக்கு 2022இல் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று ஆணை கொடுத்தது.

காற்றின் கணக்கு

தொலைவை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது பள்ளிக் கணக்கு. பெரிய ஜெட் விமானங்களின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர். பெர்த்–இலண்டன் தொலைவாகிய 14,500ஐ 900ஆல் வகுத்தால் 16 மணிக்குச் சற்று மேல் வருகின்றது. ஆனால் பயணத்துக்கு ஆனதோ 17 மணிக்கு மேல். இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? புறப்பட்ட விமானம் மேலே ஏறும்போதும், சேருமிடத்தை அணுகிக் கீழே இறங்கும்போதும் முழு வேகத்தில் செல்வதில்லை. நேர எண்ணிக்கையும் அது வானில் எழும்போது தொடங்குவதன்று. நிற்கும் இடத்தை விட்டு அசையும்போது தொடங்கி, மறுநிலையத்தில் ஓய்ந்து நிற்கும்போதே முடிகின்றது. இவை சிறு காரணங்கள். பெருங்காரணம் காற்றே ஆகும்.

பூமிக்கு மேல் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பெருங்காற்று ஆறுபோல் ஓடிக்கொண்டிருக்கின்றது. அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலாக இருப்பதுண்டு. ஜெட் விமானங்கள் பறக்கும் உயரமும் அதுவே. ஆற்றில் ஓடம் செலுத்துபவன் நீரோட்டத்தோடு சென்றால் விரைவில் கரை சேர்வான்; எதிர்த்துச் சென்றால் தாமதிப்பான். விமானத்தின் நிலையும் அத்தகையதே. ஆதலால் இலண்டனிலிருந்து கிழக்கே பெர்த்துக்குச் செல்லும் பயணம், பெர்த்திலிருந்து மேற்கே இலண்டனுக்குச் செல்லும் பயணத்தைக் காட்டிலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறைவாகவே முடிகின்றது.

‘போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடலாமே; மொத்தத்தில் இழப்பில்லையே’ என்று சிலர் கருதலாம். அது பிழை என்பதைச் சிறு கணக்கால் காணலாம். 8,000 கிலோமீட்டர் தொலைவில் இரண்டு ஊர்கள் உள்ளன எனக் கொள்வோம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர். காற்று இல்லையாயின், சென்று திரும்ப 17 மணி 47 நிமிடம் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், எதிர்த்துச் செல்லும்போது வேகம் 800 ஆகும். நேரம் 10 மணி. உடன் வரும்போது வேகம் 1,000 ஆகும். நேரம் 8 மணி. மொத்தம் 18 மணி. எதிர்காற்று விளைக்கும் துன்பம் நெடுநேரம் நீடிக்கின்றது. பின்காற்று செய்யும் உதவி விரைவில் முடிந்துவிடுகின்றது. ஆதலால் காற்று என்றும் சிறிதளவு கடன் வாங்கிக்கொண்டே போகும்.

கடிகாரம் காட்டும் விந்தை

பயணியின் கைக்கடிகாரம் வேறொரு விந்தையையும் காட்டும். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால், ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கின்றது. ஆகவே கிழக்கிலுள்ள நாடுகளில் சூரியன் முந்தி உதிக்கின்றது. 1884இல் வாஷிங்டன் நகரில் கூடிய மாநாடு, இலண்டனை அடுத்த கிரீன்விச் வழியாகச் செல்லும் நெடுங்கோட்டை முதற்கோடாக ஏற்றது. இந்திய நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 5½ மணி முந்தியது. சிட்னி நேரம் 10 மணி முந்தியது. கோடைகாலத்தில் சிட்னி மக்கள் கடிகாரத்தை மேலும் ஒரு மணி முன்னே தள்ளி வைப்பர். நவம்பர் மாதத்தில் இரு நகரங்களின் நேரங்களும் 11 மணி வேறுபடும்.

நவம்பர் மாதத்தில் ஒருநாள் காலை 6 மணிக்கு இலண்டனை விட்டு ஒரு விமானம் புறப்பட்டு, 20 மணி நேரம் பறந்து சிட்னியை அடைகின்றது எனக் கொள்வோம். அப்போது இலண்டனில் மறுநாள் பின்னிரவு 2 மணி. சிட்னியிலோ மறுநாள் பிற்பகல் 1 மணி. ஊர்க் கடிகாரங்களை மட்டும் பார்ப்பவன் பயணத்துக்கு 31 மணி ஆயிற்று என்பான். அதே விமானம் சிட்னியிலிருந்து காலை 6 மணிக்குத் திரும்பி 20 மணி நேரம் பறந்தால், இலண்டனை அடையும்போது அங்கு அதே நாள் பிற்பகல் 3 மணியே ஆகியிருக்கும். இப்போது அவன் 9 மணி நேரமே ஆயிற்று என்பான். ஊர்க் கடிகாரத்தை ஏமாற்றலாம். பயணியின் உடலை ஏமாற்ற இயலாது. நள்ளிரவில் பசியும் நடுப்பகலில் உறக்கமும் தோன்றிச் சில நாள் அவனை வருத்தும்.

அடைபட்ட வானம்

காற்றும் எரிபொருளும் பூமியின் சுழற்சியும் இயற்கையைச் சார்ந்தவை. பயண நேரத்தை மாற்றும் மற்றொரு காரணம் மனிதரைச் சார்ந்தது. வானத்தில் வேலியும் இல்லை. எல்லைக் கல்லும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்பரப்பில் முழு உரிமை உண்டு. 1944 டிசம்பரில் சிகாகோ நகரில் 52 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை இதனை உறுதி செய்தது. ஒரு நாடு இசைந்தாலன்றி அதன் வானில் அயல்நாட்டு விமானம் பறத்தல் இயலாது.

2022இல் உருசியாவுக்கும் உக்ரைனுக்கும் போர் மூண்டபோது, உருசியாவும் ஐரோப்பிய நாடுகள் பலவும் ஒன்றற்கொன்று தம் வான்வழிகளை அடைத்தன. பின்லாந்தின் தலைநகராகிய எல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் செல்லும் விமானங்கள் அதற்கு முன் உருசியாவின் மேலாக ஒன்பது பத்து மணியில் சென்று சேர்ந்தன. அவை பிறகு வேறு வழிகளில் சுற்றி, 13 மணி அளவு பறக்க நேர்ந்தது. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. விமானங்களின் வேகமும் குறையவில்லை. மனிதரின் பகைமை மூன்று நான்கு மணி நேரத்தை விழுங்கிவிட்டது.

பெர்த்–இலண்டன் வழியும் இதற்கு விலக்கன்று. 2024 ஆகஸ்டில் மேற்கு ஆசியாவில் பதற்றம் மிகுந்தபோது, அங்குள்ள வான்பரப்பின் ஒரு பகுதியைத் தவிர்த்துச் சுற்றிச் செல்லவேண்டியதாயிற்று. சுற்றுவழிக்கு வேண்டிய எரிபொருளை, எதிர்காற்றையும் தாங்கிக்கொண்டு, ஒரே முறையில் சுமக்க இயலவில்லை. ஆகவே பெர்த்திலிருந்து இலண்டன் செல்லும் விமானம் அப்போது சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றது. ஆனால் இலண்டனிலிருந்து பெர்த்துக்குத் திரும்பிய விமானம் எங்கும் இறங்காமலே வந்தது. பின்காற்று அதற்குத் துணை நின்றது. தொலைவு, காற்று, எரிபொருள், அரசியல் ஆகிய நான்கும் சேர்ந்தே பயண நேரத்தை வகுக்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆறு வாரக் கப்பற்பயணம் இருபத்தெட்டு நாளாகி, பத்து நாளாகி, நான்கு நாளாகி, இன்று ஒரு நாளுக்குள் அடங்கிவிட்டது. இவ்வெற்றி இயந்திரத்தால் மட்டும் விளைந்ததன்று. உயிரைப் பணயம் வைத்து முன்சென்ற விமானிகள் இதில் பங்குடையவர்கள். சேற்றின் மீது தம் வீட்டுப் பாய்களை விரித்த சுரபாயா மக்களும், கிழிந்த இறக்கையைத் தைத்துக் கொடுத்த பருமா நாட்டுத் தொழிலாளரும் இதில் பங்குடையவர்களே. விமானத்தில் சென்றவர் யாவர், எந்நாட்டினர் என்று அவர்கள் ஆராயவில்லை; வழியில் இடர்ப்பட்டவருக்கு வழி அமைத்துத் தந்தனர்.

இரண்டு நகரங்களுக்கு இடையே உள்ள தொலைவைப் பூமி என்றோ வகுத்துவிட்டது. அதனை ஒரு விரற்கடையும் குறைத்தல் எவராலும் இயலாது. ஆனால் அத்தொலைவைக் கடக்கும் காலம் மனிதர் கையில் உள்ளது. மக்கள் ஒருவருக்கொருவர் வழிவிடும்போது அது சுருங்குகின்றது. வழியை அடைக்கும்போது நீள்கின்றது. பாய் விரித்த கைகள் பெருகுமாயின், நெடுந்தொலைவில் உள்ள நாடுகளும் அண்டை வீடுகள் ஆகும்.